ஸ்பிதிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: சிம்லா வழியாக ஏறுங்கள், மணாலி வழியாக இறங்குங்கள்

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கு இரண்டு பாதைகள் உண்டு. மணாலியிலிருந்து குன்சும் லா கணவாயைத் தாண்டிப் போனால் ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா சுமார் 200 கி.மீ.தான், ஒரே நாளில் போய்விடலாம். சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகச் சுற்றிப் போனால் 430 கி.மீ., நாலைந்து நாள் ஆகும். லீவு குறைவாக இருக்கும்போது கை தானாக மணாலிப் பக்கம்தான் போகும். பலருடைய பயணம் கெட்டுப்போவதும் அங்கேதான்.

காரணம் எளிது. மணாலி இருப்பது சுமார் 2,050 மீட்டரில். அன்று மதியமே 4,551 மீட்டர் கணவாயைத் தாண்டி, ராத்திரி காசாவில் சுமார் 3,700 மீட்டரில் படுக்கிறீர்கள். அங்கே ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. உடம்பு இதற்குப் பழகும், ஆனால் அதற்கு நாள் கொடுக்க வேண்டும். மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், படுக்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 300 முதல் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் போய் வந்தாலும் பரவாயில்லை, எங்கே தூங்குகிறோம் என்பதுதான் கணக்கு. கின்னௌர் பாதை இந்தக் கணக்குக்கு ஏறக்குறைய தானாகவே பொருந்திவிடுகிறது.

எப்போது போவது

செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை. ஒரே ஒரு காலம் சொல்லச் சொன்னால் இதுதான். மழை ஓய்ந்திருக்கும், வானம் சுத்தமாக இருக்கும், கின்னௌரில் ஆப்பிள் பறிக்கும் காலம். ஜூன் அடுத்தபடி. ஆனால் குன்சும் லா திறப்பது ஒவ்வோர் ஆண்டும் மாறும், மே கடைசியாகவும் இருக்கலாம், ஜூன் நடுவாகவும் இருக்கலாம். அக்டோபர் நடுவுக்குப் பிறகு எந்த நாளும் பனி விழுந்து மூடிக்கொள்ளலாம்.

ஜூலை, ஆகஸ்ட் பற்றி ஒரு குழப்பம் உண்டு. ‘ஸ்பிதி மழை மறைவுப் பகுதி, மழையே கிடையாது’ என்று சொல்வார்கள். ஸ்பிதிக்கு அது பெருமளவு சரி. ஆனால் அங்கே போகும் வழியில் கின்னௌர் இருக்கிறதே, அங்கே மழை பெய்கிறது, மலை சரிகிறது. 2021 ஜூலையில் சாங்லா அருகே பட்சேரியில் பாறைகள் உருண்டு சுற்றுலாப் பயணிகள் 9 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே நிகுல்சாரியில் சரிவில் அரசுப் பேருந்தும் மற்ற வண்டிகளும் சிக்கி 28 பேர் போனார்கள். மற்ற மாதங்களில் பள்ளி விடுமுறை இல்லை, வேறு வழியில்லை என்றாலும் இந்த இரண்டு மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

தேதி முடிவு செய்யும் முன் வீட்டு நாள்காட்டியில் அமாவாசை பார்த்துக்கொள்ளுங்கள். காசாவுக்கு மேலே இருக்கும் இரவுகள் அமாவாசையை ஒட்டி வந்தால் பால்வீதி வெறும் கண்ணுக்கே பட்டையாகத் தெரியும். பௌர்ணமியில் போனால் அது இல்லை. ஆனால் நிலா வெளிச்சத்தில் மலை தெரியும், அதுவும் குறைவில்லை.

எத்தனை நாள்

சண்டிகரில் தொடங்கி சண்டிகரில் முடிக்க 12 நாள். இதற்கு மேல் ஒரு நாள் சும்மா கையில் வைத்துக்கொள்ள. 10 நாளில் நெருக்கி முடிக்கலாம். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் ஸ்பிதியை விட்டுவிட்டு கின்னௌரை மட்டும் நிதானமாகப் பாருங்கள். ஒரு வாரத்தில் முழுச் சுற்றையும் முடித்தவர்கள் பார்த்தது பெரும்பாலும் கார்க் கண்ணாடியைத்தான்.

இரவு தங்குமிடங்களும் உயரமும் இப்படி:

1. சிம்லா (2,200 மீ.) அல்லது நார்கண்டா (2,700 மீ.)
2. சராஹன் (2,165 மீ.)
3. சாங்லா (2,700 மீ.)
4, 5. கல்பா (2,960 மீ.), இரண்டு இரவுகள்
6. தாபோ (3,280 மீ.)
7, 8, 9. காசா (3,700 மீ.), மூன்று இரவுகள்
10. சந்திரதால் ஏரி முகாம் (சுமார் 4,300 மீ.)
11. மணாலி

கல்பாவுக்கும் தாபோவுக்கும் நடுவில் நாக்கோ கிராமம் வருகிறது. பெரும்பாலான பயணத் திட்டங்களில் அங்கே ஒரு இரவு போட்டிருப்பார்கள். நாக்கோ சுமார் 3,650 மீட்டர், அதாவது கல்பாவிலிருந்து ஒரே தாவலில் 700 மீட்டர். போகிற வழியில் இறங்கி ஏரியையும் பழைய மண் வீடுகளின் சந்துகளையும் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, கீழே தாபோவில் போய்ப் படுங்கள். முதல் தலைவலி பலருக்கு நாக்கோ இரவில்தான் வருகிறது.

கிளம்பும் முன்

இந்தியக் குடிமக்களுக்கு இந்தப் பாதையில் அனுமதிச் சீட்டு தேவையில்லை, அடையாள அட்டை போதும். சோதனைச் சாவடியில் பெயர் எழுதிக்கொள்வார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் இலங்கை, மலேசிய, சிங்கப்பூர், கனடாத் தமிழர்கள், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) அட்டைக்காரர்கள் உட்பட, ரெக்காங் பியோவுக்கும் (கல்பாவுக்குக் கீழே உள்ள ஊர், சுருக்கமாகப் பியோ) காசாவுக்கும் நடுவிலுள்ள எல்லையோரப் பகுதியைக் கடக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும். சிம்லா, ரெக்காங் பியோ, காசா மூன்று இடத்திலும் தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் அலுவலகம் மூடியிருக்கும். பியோவில் சனி மாலை போய் இறங்கினால் திங்கள்வரை காத்திருக்க வேண்டியதுதான். கடவுச்சீட்டு, விசா நகல்களும் புகைப்படங்களும் கையில் இருக்கட்டும்.

பணத்தை ரொக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். காசாவில் ஏடிஎம் உண்டு, அதில் பணம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. யுபிஐ சிக்னல் இருந்தால்தான் வேலை செய்யும். சிக்னலுக்கு பிஎஸ்என்எல் சிம் ஒன்றாவது குழுவில் யாரிடமாவது இருக்கட்டும். ஜம்மு காஷ்மீர், லடாக் போல வெளிமாநில ப்ரீபெய்டு சிம் செத்துப்போகும் பிரச்சினை இமாசலத்தில் இல்லை.

துணியில் ஒரு தவறு எல்லோரும் செய்வது: தடித்த ஸ்வெட்டர் ஒன்றை வாங்கிப் பெட்டியில் திணிப்பது. அங்கே பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும், நிழலுக்குள் ஒதுங்கினால் குளிரும், சூரியன் மலைக்குப் பின்னால் போன பத்தாவது நிமிடம் கை விறைக்கும். அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றுவதுதான் வழி. உள்ளே தெர்மல், மேலே ஃப்ளீஸ், அதற்கு மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். தெர்மல் இரண்டு செட், கம்பளிக் காலுறை மூன்று ஜோடி, காதை மூடும் குல்லா, கையுறை, கூலிங் கிளாஸ், சன் ஸ்கிரீன், உதட்டுக்கு பாம். பருத்திப் பனியன் வியர்வையில் நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரை உள்ளே இழுக்கும், அதை ஊரிலேயே விட்டுவிடலாம். தண்ணீர் பாட்டிலை எஃகுக் குடுவையாக வைத்துக்கொண்டால் ராத்திரி வெந்நீர் நிரப்பிப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளலாம்.

உயரமும் உடம்பும்

கல்பாவில் பையிலிருந்து எடுக்கும் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். பாக்கெட்டுக்கு ஆனது உங்களுக்கும் ஆகிறது. ஷாம்பூ பாட்டிலை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடி, தனிப் பையில் போடுங்கள், இல்லாவிட்டால் துணியெல்லாம் நுரைதான்.

தலைவலியோடு குமட்டல், சோர்வு, தூக்கமின்மை, பசியின்மை இவற்றில் ஏதாவது சேர்ந்தால், ‘பயணக் களைப்பு’ என்று தள்ளிவிடாமல் மலைநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஏறக் கூடாது. ஓய்வு, தண்ணீர், தலைவலிக்கு பாராசிட்டமால். 24 மணி நேரத்தில் குறையவில்லை என்றால் இறங்க வேண்டும். படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்குகிறது, இருமல் வருகிறது என்றால் நுரையீரலில் நீர் சேர்கிறது. பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் மூளை வீங்குகிறது. சந்தேகமாக இருந்தால் தரையில் ஒரு கோடு பார்த்து, ஒரு காலின் குதிகாலை மறு காலின் கட்டைவிரலோடு ஒட்டி வைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் வண்டியை எடுத்துக் கீழே இறக்க வேண்டும். காசாவில் அரசு சுகாதார மையம் இருக்கிறது, ஆக்சிஜன் தருவார்கள். அதற்கடுத்துப் பெரிய மருத்துவமனை ரெக்காங் பியோவில்.

அசெட்டசோலமைடு மாத்திரையை முன்கூட்டியே போடும் வழக்கம் உண்டு. வழக்கமான அளவு 125 மி.கி. வீதம் இரு வேளை, ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி வரும். இரண்டும் அந்த மாத்திரையின் இயல்பு.

இரண்டு விஷயங்களுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஒன்று, கடையில் விற்கும் ஸ்ப்ரே கேன் ஆக்சிஜன். சில நிமிடங்களுக்கு மேல் வராது. இன்னொன்று, துணியில் முடிந்த கற்பூரம். முகர்ந்தால் மூக்கு திறந்த மாதிரி இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு துளிகூட ஏறாது. குழந்தை எடுத்து வாயில் போட்டுவிட்டால் அதுவே விஷம். கற்பூரத்தைச் சாமிக்கு விட்டுவிடுங்கள்.

கின்னௌர்

சிம்லாவிலிருந்து கிளம்பும் சாலை நார்கண்டா தாண்டி, ராம்பூரில் சட்லெஜ் நதிக்கரைக்கு இறங்கிவிடும். அங்கே உயரம் சுமார் 1,000 மீட்டர்தான், புழுக்கமாக இருக்கும். ஜியோரியில் பிரிந்து 17 கி.மீ. மேலேறினால் சராஹன். மரமும் கல்லும் அடுக்கடுக்காக வைத்துக் கட்டிய பீமாகாளி கோயிலின் பழைய சுவரை நின்று பாருங்கள். சுண்ணாம்புக் கலவை இல்லாமல், தேவதாரு உத்திரமும் கல்லும் மாற்றி மாற்றி வரும் ‘காட்-குனி’ கட்டுமுறை. நிலநடுக்கத்தில் விறைத்து நின்று உடையாமல் ஆடிக்கொடுப்பதற்காக. உள்ளே போகத் தலையில் தொப்பி வேண்டும் (அங்கேயே தருவார்கள்), தோல் பெல்ட்டும் பர்ஸும் வெளியே வைக்க வேண்டும்.

கர்ச்சமில் சட்லெஜை விட்டுப் பாஸ்பா நதியோடு 18 கி.மீ. ஏறினால் சாங்லா. இந்தப் பதினெட்டு கி.மீ. செங்குத்துப் பாறையைக் குடைந்த குறுகல் சாலை. வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிடுங்கள். மறுநாள் காலை சித்குல் (3,450 மீ.) போய்விட்டு வாருங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் மக்கள் வாழும் கடைசி ஊர் அது. ‘இந்தியாவின் கடைசி தாபா’ பலகையில் படம் எடுக்க வரிசை நிற்கும். அங்கே நேரத்தைப் போக்காமல் ஆற்றோரமாக ஒரு மணி நேரம் மேலே நடந்தால் போர்டில் இல்லாத சித்குல் தெரியும்.

கல்பாவில் எல்லோரும் அலாரம் வைத்து எழுந்து ஏமாறுவார்கள். எதிரே நிற்கும் கின்னர் கைலாஷ் (6,050 மீ.) கிழக்கில் இருக்கிறது. சூரியன் அதற்குப் பின்னாலிருந்து வருவதால் காலையில் மலை கறுப்பு நிழலாகத்தான் தெரியும். நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டுமானால் மாலையில் மொட்டை மாடிக்கு வாருங்கள். வெள்ளை பொன்னாகி, பிறகு வாடிய ரோஜா நிறமாகி அணையும். முகட்டுக்குக் கீழே தனியாக நிமிர்ந்து நிற்கும் பாறைத் தூண்தான் ஊர்க்காரர்கள் வணங்கும் சிவலிங்கம், பைனாகுலர் இருந்தால் சுலபமாகப் பிடிபடும். திபெத்தில் இருக்கும் கயிலாயம் வேறு, இது வேறு.

வண்டியில் போகிறவர்கள் பியோவுக்குக் கீழே போவாரியில் டாங்கை முழுக்க நிரப்பிவிடுங்கள். அடுத்த பங்க் 200 கி.மீ. தள்ளி காசாவில். அதற்கடுத்து மணாலி வரைக்கும் எதையும் நம்ப முடியாது. பேருந்தில் போகிறவர்களுக்கு பியோவிலிருந்து காசாவுக்கு அதிகாலையில் அரசுப் பேருந்து உண்டு. முதல்நாள் மாலையே பேருந்து நிலையத்தில் நேரத்தைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அதை விட்டால் அன்றைய பொழுது போச்சு.

தாபோவிலிருந்து காசா வரை

காப் என்ற இடத்தில் ஸ்பிதி நதி சட்லெஜில் கலக்கிறது. அங்கிருந்து மரம் நின்றுவிடும், மலை மண்ணும் சாம்பலுமாக மாறிவிடும். நாக்கோ தாண்டியதும் மாலிங் நாலா. நாலா என்றால் சாலைக்குக் குறுக்கே ஓடும் ஓடை. வெயில் ஏற ஏற மேலிருந்து கல் உருளும் இடம் இது, மதியத்துக்குள் கடந்துவிடுவது நல்லது. நின்று படம் எடுக்கும் இடம் அல்ல.

சும்தோ அருகே பிரிந்து 8 கி.மீ. போனால் கியூ கிராமம். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் உட்கார்ந்த நிலையில் உயிர்நீத்த துறவியின் உடல் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. பல்லும் முடியும் இன்னும் தெரியும். 1975 நிலநடுக்கத்தில் சமாதி திறந்துகொண்டபோது வெளிவந்தது.

தாபோ மடத்தைப் பார்த்ததும் ‘இதற்கா இவ்வளவு தூரம்’ என்று தோன்றும். வெளியே வெறும் மண் சுவர். ஆனால் அது 996இல் கட்டியது. இங்கே தஞ்சைப் பெரிய கோயில் எழும்பத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பு. உள்ளே போனதும் ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். இருட்டுக்குக் கண் பழகப் பழக, சுவரிலிருந்து ஆள் உயரச் சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும், அவற்றுக்குக் கீழே ஓவியங்கள். உள்ளே படம் எடுக்கத் தடை. அவசரமாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இருட்டறை மட்டும்தான் மிச்சம்.

தாபோவிலிருந்து காசா 47 கி.மீ. நடுவில் ஷிச்லிங்கிலிருந்து மேலேறினால் தன்கர், அரிமானம் தின்று ஊசி ஊசியாக நிற்கும் மண்குன்றின் நுனியில் ஒரு பழைய மடம். கீழே ஸ்பிதி நதியும் ‘பின்’ என்ற நதியும் சேரும் இடம் விரிந்து கிடக்கும். தன்கர் ஏரிக்கு ஒன்றரை மணி நேர ஏற்றம். இந்த நாளில் மூச்சு அனுமதித்தால் மட்டும்.

காசாவில் ஹோம்ஸ்டே எடுத்தால் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்தே வாடகை பேசுவார்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 87 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதனால் குக்கர் இல்லாமல் சோறு வேகாது, நமக்குப் பழகிய பதம் வராது. துக்பாவுக்கும் (நூடுல்ஸ் சூப்) மோமோவுக்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். பருப்புப்பொடி டப்பா ஒன்று பையில் இருந்தால் பிழைத்தீர்கள்.

மறுநாள் கீ கோம்பா (4,166 மீ.), கிப்பர், சிச்சம் பாலம். கீ மடத்தின் அந்தப் புகழ்பெற்ற படம், குன்று முழுக்கப் பெட்டி பெட்டியாக வீடுகள் ஒட்டியிருப்பது, மடத்திலிருந்து கிடைக்காது. கிப்பருக்கு ஏறும் சாலை வளைவில் திரும்பிப் பார்க்க வேண்டும். சிச்சம் பாலம் 2017இல் திறந்தது, கீழே சுமார் 150 மீட்டர் பள்ளம். அதற்கு முன்பு ஊர்க்காரர்கள் கம்பியில் தொங்கும் கூடையில் உட்கார்ந்துதான் கடந்தார்கள்.

அதற்கடுத்த நாள் லாங்சா, ஹிக்கிம், கோமிக். மூன்றும் 4,400 மீட்டரும் அதற்கு மேலும். லாங்சாவில் சிறுவர்கள் கையில் சுருள் சுருளான கல்லோடு வருவார்கள். இமயம் எழும்பும் முன் இங்கே இருந்த கடலில் வாழ்ந்த அம்மோனைட்டின் புதைபடிவம் அது. நம் பூஜையறையில் இருக்கும் சாளக்கிராமமும் அதே இனம்தான், நேபாளத்தின் கண்டகி நதியிலிருந்து வருவது. பாருங்கள், வாங்காதீர்கள். ஒவ்வொருவரும் ஒன்று வாங்கினால் மலையைச் சுரண்டுவது நிற்காது. ஹிக்கிம் தபால் நிலையம் 1983இலிருந்து இயங்குகிறது. போஸ்ட்கார்டில் முகவரியையும் பின்கோடையும் காசாவிலேயே எழுதிக்கொண்டு போங்கள். மேலே காற்றில் பேனாவும் எழுதாது, விரலும் வளையாது.

குன்சும் லா, சந்திரதால், இறக்கம்

காசாவிலிருந்து கிளம்பும் முன்மாலை கணவாய் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மாவட்டக் காவல்துறை தன் சமூக ஊடகப் பக்கத்தில் சாலை நிலவரம் போடுகிறது, டாக்சி யூனியன்காரர்களுக்கு அதைவிடச் சீக்கிரம் தெரியும். மூடியிருந்தால் வந்த வழியே திரும்ப வேண்டும், அதற்குத்தான் அந்த உபரி நாள்.

குன்சும் உச்சியில் கோயிலை வலமாக ஒரு சுற்று சுற்றாமல் ஓட்டுநர்கள் வண்டியை எடுக்க மாட்டார்கள். அவசரப்படுத்தாதீர்கள். கீழே பாதல் அருகே பிரியும் ஒற்றை வண்டித் தடம் சந்திரதாலுக்குப் போகிறது. ஏரிக்கரையில் கூடாரம் போடத் தடை. முகாம்கள் இரண்டு மூன்று கி.மீ. முன்னாலேயே இருக்கும், வண்டியும் ஏரிவரை போகாது, கடைசித் துண்டு நடை. காலை ஏழு மணிக்கு முன்பு காற்று எழாத நேரத்தில் போனால் மலை தலைகீழாகத் தண்ணீரில் நிற்கும். ஒன்பது மணிக்கெல்லாம் அலை வந்து அதைக் கலைத்துவிடும். இந்தப் பயணத்தில் மிக உயரத்தில் தூங்கும் இரவு இதுதான். அங்கே சிக்னலோ மருத்துவரோ கிடையாது. காசாவில் யாருக்காவது தலைவலி தீராமல் இருந்தால் சந்திரதாலை வெட்டிவிட்டு நேராக மணாலிக்கு இறங்குங்கள். 2023 ஜூலையில் எதிர்பாராத பனிப்பொழிவில் சுமார் 290 பேர் இங்கே நாட்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். முகாமில் வானம் திடீரென்று மூடினால் இருட்டும் முன் இறங்கிவிடும் யோசனை சரி.

பாதலிலிருந்து கிராம்ஃபு வரை சுமார் 50 கி.மீ.க்கு மூன்று நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். உருளைக்கற்கள் மேல் சாலை, குறுக்கே நாலாக்கள். இவற்றில் தண்ணீர் பனி உருகி வருவது. காலை எட்டு மணிக்குக் கணுக்கால் அளவு ஓடும் அதே ஓடை, வெயில் மேலே பனியைத் தட்டி எழுப்பியபின் மதியம் மூன்றுக்கு முழங்காலைத் தாண்டும். பத்து மணிக்குள் பெரிய நாலாக்களைக் கடக்கப் பாருங்கள். முன்னே ஒரு லாரி இறங்கினால் அதன் தடத்தைப் பார்த்து, முதல் கியரில், நடுவில் கியர் மாற்றாமல், நிற்காமல் போங்கள். நின்றால் புகைக்குழாயில் தண்ணீர் ஏறும், சக்கரம் கல்லுக்குள் புதையும். ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். கரையேறியதும் பிரேக்கை நான்கைந்து முறை லேசாக மிதித்து ஈரத்தைக் காய வையுங்கள். கிராம்ஃபுவிலிருந்து ரோதாங் கணவாய்ப் பக்கம் ஏறாமல் கீழே கோக்சர் வழியாகப் போனால் 9.02 கி.மீ. அடல் சுரங்கப்பாதை, வெளியே வந்தால் மறுபடியும் பச்சை மரங்கள்.